நியாயம் வழங்கும் பேய்கள்

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10ஆம் தேதி மதுரையில் காலமானார். அறுபத்தாறு வயது நிறைய மூன்று நாள் பாக்கி. தினசரிகள் கணக்குப் போட்டு எழுதின: நாவல்கள் முந்நூறுக்கு மேல், தொடர்கதைகள் நூறு, சிறுகதைகள் எழுநூறு. நம்மைப் போன்ற பத்திரிகைகளில் இந்தப் பெயர் அடிபடுவது வழக்கமில்லை. அடிபட்டாலும் நாலைந்து பெயர்களோடு சேர்ந்து 'இன்ன பிறர்' என்று முடிகிற பட்டியலில்தான் வரும். வெகுஜனப் பத்திரிகைக்காரர், அமானுஷ்ய எழுத்தாளர் என்று இரண்டு முத்திரை குத்தியதோடு நம் வேலை தீர்ந்துவிடுகிறது. முத்திரை தப்பு என்று சொல்ல வரவில்லை. முத்திரை குத்தியபின் படிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறதே, அதுதான் பிரச்னை.

காதலைப் பற்றி, தனிமையைப் பற்றி, காமத்தைப் பற்றி, மரணத்தைப் பற்றித் தமிழில் நாம் எத்தனையோ பக்கம் விவாதித்திருக்கிறோம். பயத்தைப் பற்றிப் பேசியதில்லை. நவரசத்தில் ஒன்று என்று அலங்கார சாஸ்திரம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. தொல்காப்பியம் அச்சத்தை எட்டு மெய்ப்பாட்டில் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் காரணங்களையும் வகைப்படுத்தியிருக்கிறது. நவீன விமர்சனம் மட்டும் அதைச் சில்லறைச் சமாசாரம் என்று கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டது. கடைத்தெருவில் உட்கார்ந்து நாற்பது வருஷம் அந்த ஒரே சரக்கை விற்றவர் இவர். ஆகவே பயம் தமிழ் உரைநடையில் என்ன ஆயிற்று என்று கேட்டால், இவரைத் தாண்டி அந்தக் கேள்வி நகராது.

சேலத்தில் 1958 நவம்பர் 13 பிறப்பு. இயற்பெயர் சௌந்தர்ராஜன், தாயார் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார். வாழ்ந்தது மதுரையில். 'கலைமகள்' நடத்திய குறுநாவல் போட்டியில் 'ஒன்றின் நிறம் இரண்டு' பரிசு பெற்றது. 'என் பெயர் ரங்கநாயகி' தமிழக அரசின் பரிசைப் பெற்றது. அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது தொண்ணூறுகளில் வந்த 'மர்மதேசம்'. 'ரகசியமாக ஒரு ரகசியம்', 'விட்டுவிடு கருப்பா' என்று பத்திரிகையில் வந்த தொடர்கள் பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகாவின் இயக்கத்தில், 'ரகசியம்' என்றும் 'விடாது கருப்பு' என்றும் தொலைக்காட்சிக்கு வந்தன. பிறகு 'ருத்ர வீணை', 'சிதம்பர ரகசியம்'. தேவதாசி வாழ்வைச் சொன்ன 'சிருங்காரம்' படத்தின் எழுத்தும் இவருடையது. கடைசிக் காலங்களில் ஆன்மிகச் சொற்பொழிவு, காஞ்சி மகா பெரியவர் பற்றிய எழுத்து. ஒரு வாழ்க்கையின் வெளிக்கோடு இவ்வளவே. பேயில் தொடங்கி பெரியவரில் முடிகிற இந்தக் கோடு தற்செயலானதல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் வடிவம். பேய்க்கதையை நவீன வடிவமாக்கியவர் எட்கர் ஆலன் போ. அவர் கதாசிரியர் மட்டுமல்ல, பத்திராதிபரும்கூட. ரிச்மண்டிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் பத்திரிகை மேஜையில் உட்கார்ந்து பிறர் கைப்பிரதிகளைத் திருத்தியவர். 1842ல் ஹாதார்னின் கதைகளுக்கு மதிப்புரை எழுதும்போது, ஒரே அமர்வில் படித்து முடிக்கக் கூடியதாகக் கதை இருக்க வேண்டும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். இது அழகியல் கோட்பாடாக மட்டும் படிக்கப்படுகிறது. பத்திரிகைப் பக்கத்தின் நீள அகலம் தெரிந்த ஒருவனின் தொழில் ஞானம் என்றும் படிக்கலாம். பயம் தொடர்ச்சியை வேண்டுகிற உணர்ச்சி. நடுவில் விளக்கைப் போட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தால் அது விட்ட இடத்தில் காத்திருப்பதில்லை.

இந்திரா சௌந்தர்ராஜனுக்குக் கிடைத்தது வாரப் பத்திரிகை, பிறகு மாத நாவல், பிறகு வாரம் ஒரு முறை தொலைக்காட்சி. எல்லாம் 'தொடரும்' என்று முடிகிற வடிவங்கள். ஏழு நாள் இடைவெளியில் பயம் உயிர்பிழைக்காது, உயிர்பிழைப்பது ஆவல். அடுத்து என்ன என்ற கேள்வி பயத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும். நம் வாசகன் தான் பயந்ததாக நினைத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த ஆவலைத்தான். இந்த வித்தியாசத்தை இவர் அறியாதவரல்லர். அத்தியாயத்துக்கு அத்தியாயம் தலைப்பில் ஒரு சித்தர் பாட்டு, ஒரு ஜோதிடக் குறிப்பு, ஒரு தகவல் பெட்டி என்று அவர் வைத்தவை, வாரங்களுக்கிடையே அறுந்துபோகிற நூலைப் பிணைக்கும் முயற்சிகள். கதை விட்டாலும் தகவல் வாசகன் மனசில் நின்று, நிஜத்திலும் இப்படி உண்டாம் என்று அடுத்த வீட்டில் சொல்ல வைக்கும். பயம் போன இடத்தில் வதந்தியை வைத்தார் எனலாம். சாமர்த்தியமான வேலை.

அவருடைய எழுத்தின் சிறந்த பகுதி எது என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: தொடர்களின் முதல் பாதி. தோதரோவ் 1970ல் விசித்திர இலக்கியத்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வரையறை தருகிறார். நடந்ததற்கு இயற்கையான காரணம் உண்டா, இயற்கைக்கு மீறியதா என்று வாசகன் தயங்குகிற வரையில்தான் அந்த வகை உயிரோடிருக்கிறது. ஏதாவதொரு பக்கம் சாய்ந்த கணத்தில் அது வேறொரு வகையாகிவிடுகிறது. 'விடாது கருப்பு' இந்தத் தயக்கத்தை வாரக்கணக்கில் தாங்கிப் பிடித்தது. குற்றம் செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். குதிரையேறி வருவது கருப்புசாமியா, பிளவுண்ட ஒரு மனமா? ஒரு பக்கம் கிராமம், மறுபக்கம் நகரத்து மனநல மருத்துவம். இரண்டு காலங்களை மாற்றி மாற்றி அடுக்கிய நாகாவின் கட்டமைப்புக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு. இரண்டு விளக்கங்களும் சம பலத்தோடு நிற்கும்போது பார்ப்பவன் தான் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: படித்த நானா, பாட்டி சொன்னதை நம்பிய நானா? தமிழ் மத்தியதர வர்க்கத்தின் மனசு இரண்டாகப் பிரிந்திருப்பதை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் தங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த சந்தர்ப்பம் வேறு இல்லை. இதைச் சாதனை என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

கோளாறு இதன் பிறகு ஆரம்பிக்கிறது. இவர் கதைகளில் வருகிற அமானுஷ்யம் ஏறக்குறைய எப்போதும் நியாயம் வழங்குகிறது. தப்பு செய்தவன் சாவான். பேராசைக்காரன், கோயில் சொத்தைத் தொட்டவன், பெண்ணைக் கெடுத்தவன், நவபாஷாண லிங்கத்தைத் திருட வந்தவன் எல்லோருக்கும் தண்டனை உண்டு. நல்லவன் பயப்படலாம், ஆனால் சாக வேண்டியதில்லை. இது பேய்க்கதை இல்லை. போலீஸ் கதை. போலீஸ்காரர் மட்டும் குதிரையில் வருகிறார். நியாயம் உறுதி என்று தெரிந்த உலகத்தில் பயத்துக்கு இடம் ஏது? அங்கே இருக்கக் கூடியது பயபக்தி. பயம் கழன்று விழ, பக்தி மிஞ்சியது. பேயில் தொடங்கிய கோடு பெரியவரில் முடிந்ததன் தர்க்கம் இதுதான். எழுத்தாளர் கட்சி மாறவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவர் கதை அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வராமலிருக்காது. அவரும் பத்திரிகை மேஜைக்காரர், 'மணிக்கொடி' தொட்டு 'தினமணி' வரை. மேரி ஷெல்லியை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1943ல் வெளியான அந்தக் கதையில் வேலைக்காரியாக வீட்டுக்குள் வருகிறவளுடைய கால் தரையில் பாவுகிறதா இல்லையா என்ற சந்தேகம் சொல்பவனுக்குத் தீர்வதில்லை. அவள் ஏன் இந்த வீட்டுக்கு வந்தாள்? வீட்டில் யாரும் அவளுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. பழி தீர்க்க வரவில்லை, பாவம் கேட்க வரவில்லை, வந்தாள். இந்தக் காரணமின்மையைத்தான் நம்மால் தாங்க முடிவதில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியிருந்தால் காஞ்சனைக்கு ஒரு முற்பிறப்பும், சொல்பவனின் தாத்தாவுக்கு ஒரு குற்றமும் கொடுத்திருப்பார். நாம் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

நாட்டார் மரபை இவர் எடுத்தாண்டார், ஆகவே மண்ணின் எழுத்தாளர் என்று சிலர் வாதிடக்கூடும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் காவல் தெய்வங்களில் பாதி, கொலையுண்டவர்கள். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேறியவன். முத்துப்பட்டன் வெட்டுப்பட்டவன். கொங்கு நாடு கொண்டாடும் அண்ணன்மார் படுகளத்தில் விழுந்தவர்கள். ஊர் ஒருவனைக் கொன்றது, அல்லது கொல்லப்படும்போது சும்மா இருந்தது. பிறகு பயந்து சாமியாக்கியது. நடுகல்லுக்கு முன்னால் விழுகிற கும்பிடுக்குள் ஊரின் குற்ற உணர்வு இருக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனிடம் இது தலைகீழாகிறது. குற்றம் ஒரு கெட்டவனுக்குப் போய்விடுகிறது, சாமி ஊரின் காவலராகிவிடுகிறார், ஊர் வேடிக்கை பார்க்கும் ஜனமாக, நிரபராதியாக நிற்கிறது. நாட்டார் கதையில் பயப்பட வேண்டியவர்கள் நாம். இவர் கதையில் பயப்பட வேண்டியவன் அவன்.

அவர் பிறந்த ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சேலம் பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் கோயில். முனியப்பன் என்றால் மீசையும் அரிவாளுமாக ஓங்கி உட்கார்ந்திருப்பதைத்தான் இந்தப் பக்கத்தில் பார்க்க முடியும். இங்கே உள்ள சிலை பத்மாசனத்தில் அமர்ந்து மடியில் கைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. தொல்லியல் துறை பார்வையிட்டு இது புத்தர் என்று அறிக்கை கொடுத்தது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, முனியப்பனாகப் பூஜை செய்வது கூடாது, இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு புத்தர் என்று பலகை வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இதே மாவட்டத்தில் ஆத்தூருக்குக் கிழக்கே தியாகனூரில் தலையோடு புத்தர் இருக்கிறார். அவரைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. தலை வெட்டுப்பட்டவர்தான் முனியப்பனானார்.

யோசித்துப் பாருங்கள். எப்போதோ ஒருவன் வந்து தலையைத் துணித்தான். யார், எதற்காக என்பது ஊருக்கு மறந்துபோயிற்று. மறக்காமல் நின்றது பெயரில் உள்ள 'தலைவெட்டி' என்ற சொல். தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லின் முன் கோழியறுத்து மன்னிப்புக் கேட்டார்கள், எதற்கு என்று தெரியாமலே. அகிம்சை சொன்னவனுக்கு ரத்தப் பலி. இதைவிடப் பயங்கரமான கதை என்ன வேண்டும்? பிறகு விளக்கம் வருகிறது, நிரூபணத்தோடு, நீதிமன்ற முத்திரையோடு. விளக்கம் சரியானது. ஆனால் அந்த விளக்கம் வந்த நாளில் முனியப்பனைக் கும்பிட்டுவந்த கிழவிக்கு என்ன ஆகிறது? அவள் இத்தனை நாள் பயந்தது யாருக்கு? தோதரோவ் சொன்ன தயக்கம் இங்கே வாசகனிடம் இல்லை, வரலாற்றிடம் இருக்கிறது. வாரப் பத்திரிகை இந்தக் கதையை எழுதினால் சிலை திருட வந்தவன் ஒருவன் தலை வெட்டுப்பட்டுக் கிடப்பான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எல்லாம் சுபம்.

நாமக்கல் பக்கம் திரும்பினால் கொல்லிமலை. சங்கப் பாட்டுகளில் அங்கே ஒரு பாவை இருக்கிறாள், தெய்வம் எழுதியது. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் அவளை அழிக்கவில்லை. சிரித்தே கொல்லுபவள் என்பது பிற்கால ஐதிகம். யாரைக் கொல்கிறாள்? கிட்டே வருகிறவனை. கெட்டவனை என்று எங்கும் சொல்லப்படவில்லை. அழகும் மரணமும் ஒரே உதட்டில் இருக்கிற இந்தப் படிமத்தின் பேரில் நாகர்கோவிலில் ஒரு சிறுபத்திரிகை நடந்தது நமக்கு ஞாபகமிருக்கும். நியாயத்துக்கு அப்பாற்பட்ட பயம் இந்தச் சமவெளிக்குப் புதிதில்லை. மலையடிவாரத்தில் நாமக்கல் குடைவரையில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தச் சிற்பத்தின் எதிரில் நிற்கிறவனுக்கு நியாயம் ஞாபகம் வருவதில்லை. விரலும் குடலும்தான் தெரிகிறது. கல்தச்சனுக்குத் தெரிந்தது தொடர்கதைக்காரருக்குத் தெரியாமல் போயிற்று.

இனி நாம் நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்தச் சமவெளியில் நிஜமாகவே பயங்கரமானவை என்று எவற்றைச் சொல்வோம்? 1992ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்தது. பிறந்த பெண் சிசுக்கள் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டன, கொன்ற கை பெரும்பாலும் தாலாட்டிய கை. 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞன் கடத்தப்பட்டு ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தான். அங்கே கருப்பு குதிரையேறி வரவில்லை. கோயிலின் கண்காணிப்புக் காமிரா பதிந்துவைத்த காட்சிதான் 2022ல் தண்டனைக்கு முக்கிய சாட்சியமாயிற்று. சாமி பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற பழைய வாக்கியத்துக்கு இப்படியும் ஒரு அர்த்தம் வந்து சேர்ந்தது.

இந்தப் பயங்களைப் பேய்க்கதை தொடவில்லை. தொட்டது யதார்த்த நாவல். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வந்தது. குழந்தையில்லாத காளி-பொன்னா தம்பதிகளைச் சுற்றிச் சாபக் கதைகள் பின்னப்பட்டிருக்கின்றன. முன்னோர் ஒரு பெண்ணுக்குச் செய்த பாதகம், மலைமேல் தெய்வத்தின் கோபம், வம்சம் விளங்காது என்ற சொல். வெகுஜனப் பேய்க்கதையின் மூலதனம் அப்படியே இருக்கிறது. முருகன் அதை நிரூபிக்கவும் இல்லை, பொய்யாக்கவும் இல்லை. சாபம் ஊரார் வாயில் இருக்கிறது. அங்கேயிருந்தே அது வேலை செய்கிறது. யாரும் தண்டிக்கப்படவில்லை, ஆனால் ஒருவரும் தப்பவில்லை. தமிழில் சாபம் என்ற விஷயத்தை வைத்து எழுதப்பட்ட மெய்யான பயக் கதை இது என்று எனக்குப் படுகிறது. நாம் இதை அப்படிப் படிக்கவில்லை. வட்டார நாவல், விவசாயக் குடும்பக் கதை என்று படித்தோம்.

ஊர் சரியாகப் படித்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகம் கொளுத்தப்பட்டது. மறு மாதம் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. அதன் பிறகு எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை ஒரு மனிதன் உயிரோடு இருந்துகொண்டு தன் பிரேதத்தைச் சுமந்தான். ஊர் எதற்குப் பயந்தது? தன் பிறப்பைப் பற்றித் தனக்கே உள்ள ஒரு சந்தேகத்துக்கு. அந்தச் சந்தேகத்தை வெட்டிவிட்டால் தான் தூய்மையாகிவிடலாம் என்று நினைத்தது. தலைவெட்டி முனியப்பன் கதை மறுபடி நடந்தது, வேறு ஆயுதத்தோடு.

இந்திரா சௌந்தர்ராஜனின் வீட்டுக்கு ஒருவரும் கொள்ளிக்கட்டையோடு போகவில்லை. போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த எழுத்தாளனுக்கும் அது நேரக் கூடாது. ஆனால் நாற்பது வருஷம் பயத்தை எழுதிய ஒருவரைப் பார்த்து எவரும் பயப்படவில்லை என்பது ஒரு விமர்சனத் தகவல். அவருடைய பேய்கள் வாசகனின் எதிரிகளையே தேடிப் போயின. வாசகனைத் தேடி வரவில்லை. அதனால்தான் அவர் அவ்வளவு நேசிக்கப்பட்டார். இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து பயப்பட்டு, ஒன்பது மணிக்கு நிம்மதியாகச் சாப்பிட அவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். இந்த நன்றியை ஜனங்கள் அவருக்குச் செலுத்தியது நியாயமே.

நம் பக்கத்துக் கணக்கும் தீரவில்லை. பயம் எழுதத் தெரிந்தவர்களை வாரப் பத்திரிகைக்குத் தள்ளிவிட்டு, பயப்பட விஷயம் உள்ளவர்களை யதார்த்தம் என்ற அறையில் உட்கார வைத்தோம். தயக்கத்தை வாரக்கணக்கில் நீட்டிக்கும் தொழில்நுட்பம் இந்திரா சௌந்தர்ராஜனிடம் இருந்தது. தலைவெட்டியும் தொட்டிலும் மலைக்கோயிலும் இந்தச் சமவெளியில் இருந்தன. இரண்டும் ஒரே கையில் சேர்ந்திருந்தால் சேலத்தில் பிறந்தவரிடமிருந்து, 'காஞ்சனை'க்குப் பக்கத்தில் வைக்க ஒரு புத்தகம் கிடைத்திருக்கும். அதை இனி எழுதப்போகிறவன் அவரைப் படித்தாக வேண்டும், முதல் பாதி வரை. அதற்கு மேல் சாமி வந்து நியாயம் சொல்லத் தொடங்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு, ஊருக்குள் போய் அங்கே எந்தச் சாமிக்கு எதனால் அந்தப் பெயர் வந்தது என்று விசாரிக்க வேண்டும். பதில் சொல்ல மறுக்கிற முதல் வீட்டில் கதை இருக்கிறது.